குரல் இல்லாத காட்சி

நம்பினால் நம்புங்கள், இது என் அண்ணிக்கு நடந்தது. அவள் டப்பிங் கலைஞர். கதாநாயகிக்குப் பேசும் யோகம் அவளுக்கு வாய்க்கவில்லை, வாய்த்ததெல்லாம் அலறல். கொலைப் படம், பேய்ப் படம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "உங்க அண்ணி கத்தினா கரண்டே போயிடும்டா" என்பான் என் அண்ணன்.

அன்று பட்டப்பகல். படம் படு கோரம். நாற்காலியில் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, ஒரு பெண்ணை முகமூடிக்காரன் சித்திரவதை செய்கிறான். நடித்தது புதுமுகமாம். படப்பிடிப்பில் பதிவான சத்தம் கெட்டுவிட்டது என்றார் இயக்குநர்.

"அந்தப் பொண்ணே வந்து பேசலாமே சார்?"

"ஊர்ல இல்லம்மா."

அண்ணி கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டினாள். காட்சி ஓடியது. தாளில் 'அலறல்' என்று மட்டும் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் உதடுகள் பேசின. உதட்டைப் பார்த்துப் பேசியே பிழைப்பவள் அண்ணி. அவளுக்குப் புரிந்துவிட்டது.

போதும்... நிறுத்துங்க...

"சார், இவங்க நடிக்கிற மாதிரியே தெரியலையே."

"அதுதாம்மா வேணும். உதட்டைப் பாக்காதீங்க, கத்துங்க."

அண்ணி ஹெட்போனைக் கழற்றப் போனாள். ஆனாலும் வந்த வேலை ஆயிற்றே. மறுபடி ஓட்டினார்கள்.

இந்த முறை அந்தப் பெண் முகமூடிக்காரனைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

சத்தமே இல்லாத காட்சி... ஹெட்போனில் மூச்சு வாங்கியது.

உதடுகள் அசைந்தன.

அக்கா... நிறுத்தச் சொல்லுக்கா...

'நிறுத்துங்க' என்று சொல்லத்தான் அண்ணி வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான்.

அலறல் வந்தது.

அது அவள் குரலே இல்லை.

வாயைப் பொத்தினாள்... நிற்கவில்லை.

திரையில் அந்தத் தலை சாய்ந்த பிறகுதான் நின்றது.

"பிரமாதம்மா! ஒரே டேக்!" இயக்குநர் கைதட்டினார்.

அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சப் போனாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. இன்றுவரை காற்றுதான். இதையெல்லாம் எனக்கு அவள் எழுதித்தான் காட்டினாள்.

படம் வெளியானது. அந்த அலறலுக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. பாவம், அண்ணியால் தலையில் அடித்துக்கொள்ள மட்டும்தான் முடிந்தது.

அதன்பிறகு ஒருநாள், படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்தவர் வீடு தேடி வந்தார். கயிறு நிஜமாகவே இறுகியிருக்கிறது. நடிப்பென்று கேமராவை ஓடவிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் அங்கேயே இறந்துபோயிருக்கிறாள். சத்தம் கெடவில்லை, கெட்டதாகச் சொல்லச் சொன்னார்களாம். தன்னிடமிருந்த பதிவைப் போட்டார். கடைசியில் தெளிவாகக் கேட்டது.

"அக்கா... நிறுத்தச் சொல்லுக்கா..."

அவர் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கு செட்ல வேற பொம்பளைங்க யாருமே இல்லம்மா."