பையின் அடியில் ஒரு விசில்

அறுபதுகளின் கடைசியில் மூன்று குளிர்காலம் நான் ஜெர்மனியின் கருங்காடு என்ற மலைக்காட்டில் பனி அளந்தேன். ஃப்ரைபர்க்கில் வனவியல் ஆராய்ச்சி மாணவி. வாரம் ஒரு நாள் மலைமேல் ஏறி, மரங்களுக்கு நடுவே நட்டிருந்த பன்னிரண்டு அளவுகோல்களில் பனி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு இறங்க வேண்டும். மதுரை வெயிலில் வளர்ந்தவளுக்கு இந்த வேலையை யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். நானேதான் கேட்டு வாங்கினேன்.

தனியாகப் போகிறவர்களுக்கு அந்த மலையில் ஒரு வழக்கம் இருந்தது. அடிவாரத்தில் வனக்காவலர் வீட்டு வாசலில் ஒரு நோட்டு தொங்கும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அதில் எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும். பிறகு காவலர் நம் பையைத் திறந்து காட்டச் சொல்வார். மெழுகுவர்த்தி, டப்பாவில் அடைத்த தீப்பெட்டி, மாற்றுக் காலுறை, தார்ப்பாய், ஃப்ளாஸ்க்கில் தேநீர், ஒரு விசில். என் பங்குக்கு அம்மா அனுப்பிய உப்பு நார்த்தங்காயையும் சேர்த்திருந்தேன். அதை முகர்ந்து பார்த்து அவர் மூக்கைச் சுளித்தார்.

அவருக்கும் என் வயதுதான் இருக்கும். முதல் நாளே விசிலைக் கையில் கொடுத்து, "நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதணும். அப்புறம் ஒரு நிமிஷம் சும்மா இருக்கணும். மறுபடி ஆறு. கேட்டவங்க மூணு ஊதிப் பதில் சொல்வாங்க. எங்கே, ஒரு தடவை ஊதிக் காட்டுங்க" என்றார்.

"அதெல்லாம் தெரியும்" என்றேன்.

பச்சைப் பொய். விசிலை நான் வாயில் வைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் அண்ணன் விரலை மடித்து விசிலடித்தால் தெருவே திரும்பும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் ஒருநாள் உதட்டைக் குவித்ததற்கே, "பொம்பளப் புள்ள விசிலடிக்கிறதா? ஊரு என்ன சொல்லும்?" என்று அம்மா தலையில் நறுக்கென்று குட்டினாள். அறிமுகமில்லாத ஓர் ஆண்பிள்ளை முன்னால் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊத எனக்கு வெட்கமாக இருந்தது. விசில் பையின் அடிக்குப் போனது. அடுத்த குளிர்காலம் வரை அங்கேயே கிடந்தது.

அந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு பிப்ரவரி நாளில், பன்னிரண்டாவது கோலையும் பார்த்து முடித்தபோது மணி இரண்டு. நோட்டில் நாலு மணி என்று எழுதியிருந்தேன். நேரம்தான் இருக்கிறதே என்று, எழுதிய பாதையை விட்டு ஓடைப் பக்கமாக இறங்கினேன். பனிக்கடியில் கிடந்த வேரில் கால் சிக்கி உருண்டேன். எழுந்து நின்றால் வலது கணுக்காலில் உயிர் போகிற வலி. ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

பதறவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தேன், நனைந்த காலுறையை மாற்றினேன், தேநீர் குடித்தேன், நார்த்தங்காய் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டேன். விசில் ஞாபகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. நிலைமை இன்னும் அவ்வளவு மோசமாகிவிடவில்லை என்று தள்ளிப்போட்டேன். நாலு மணி தாண்டியபோதுதான் உறைத்தது. வனக்காவலர் தன் நாயோடு என்னைத் தேடி வருவார், ஆனால் நோட்டில் எழுதிய பாதையில் தேடுவார். நான் அங்கே இல்லை. இருட்டிய பிறகு அந்தக் குளிரில் விடியும்வரை உயிரோடு இருப்பது சந்தேகம். அப்போது பயந்தேன்.

நாலரைக்கு மேட்டில், மரங்களுக்கு அப்பால், அவருடைய நாய் குரைத்தது. கூப்பிட்டேன். அதையாவது உரக்கச் செய்தேனா? பக்கத்து வீட்டில் காப்பிப்பொடி கேட்கிற குரலில், "ஹலோ, கொஞ்சம் வாங்களேன்" என்றேன். பனி அதை அப்படியே விழுங்கிவிட்டது. குரைப்பு நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

விசிலை எடுத்தேன். அப்போதும் சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். ஈ காக்கை இல்லாத காட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்? அம்மா பார்ப்பாள், அவ்வளவுதான். வாயில் வைத்ததும் சில்லிட்ட இரும்பு உதட்டில் ஒட்டிக்கொண்டது. ஊதினால் வெறும் காற்று. உள்ளே இருந்த உருண்டை உறைந்திருந்தது. கழுத்தில் போட்டிருந்தால் உடம்புச் சூட்டில் இருந்திருக்கும். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. அதைக் கம்பளிச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு, தேய்ந்து போகும் குரைப்பைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி ஊதினேன். கீச்சென்றது. அடுத்தது வீறிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்து, பத்து நொடிக்கு ஒன்றாக ஆறு. ஒரு நிமிடம் சும்மா. மறுபடி ஆறு. மூன்றாவது சுற்று முடிந்து காத்திருந்தபோது மேலேயிருந்து வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ஊதினேன். இடம் தெரிவதற்கு அவ்வப்போது ஒன்று போதும். நான் நிறுத்தவே இல்லை. அவர் தொடை வரை பனியில் புதையப் புதைய இறங்கி, நாயோடு என் எதிரில் வந்து நின்றார்.

"போதும், போதும். வந்துட்டேன்."

"இருங்க. முதல் நாளே ஊதிக் காட்டச் சொன்னீங்களே" என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கன்னத்தை நன்றாக உப்பிக்கொண்டு, மலையே கேட்கும்படி ஊதிக் காட்டினேன்.