முடியெடுக்கும் நாளில் கூலி

போன மாதம் எங்கள் வீட்டில் பேத்தி பிறந்தாள். அவளை மடியைவிட்டு இறக்க எனக்கு மனசே வருவதில்லை. சாலம்மாளும் என் தம்பியை இப்படித்தான் வைத்திருந்தாள்.

யுத்தத்துக்கு ஐந்தாறு வருஷம் முந்தி, மோகனூரில் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வந்தவள் அவள். எடப்பாடி நெசவுக் குடும்பம். புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். மகள் குப்பாயியை அக்காள் வீட்டில் விட்டிருந்தாள். "ரெண்டு வயிறுன்னா ஆகாது" என்று என் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

கூலி வருஷத்துக்குப் பதினைந்து ரூபாய். தம்பிக்குக் குலதெய்வம் கோயிலில் முடியெடுக்கும் அன்று மொத்தமாகத் தருவதாகப் பேச்சு. அதை வாங்கித் தறி போட்டு, மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள நினைத்திருந்தாள்.

முதல் வருஷம் பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு. அடுத்த வருஷம் மழை இல்லை. முடியெடுப்பு தள்ளிப்போனது, கூலியும் தள்ளிப்போனது.

மூன்றாம் வருஷம் தம்பிக்குத் தலையெல்லாம் சிரங்கு. சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. சாமிக்கு விட்ட முடியில் கத்தி படக்கூடாது என்றார் அம்மா. அவர் சந்தைக்குப் போன நாளில் சாலம்மாள் முடியை வெட்டி, வேப்பிலை அரைத்துப் பூசினாள். வெட்டிய முடியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்து, அம்மா திரும்பி வந்ததும் நீட்டினாள்.

"இதையே சாமிக்குச் செலுத்திரலாமுங்க ஆத்தா. புள்ள இப்பத்தான் கண்ணு முழிச்சுப் பாக்குறானுங்க."

"சாமி முடியில கை வெச்சவளுக்குக் கூலி வேறயா?" என்றார் அம்மா.

"மூணு வருசமுங்க."

"மூணு வருசம் சோறு போட்டது யாரு?"

களத்திலிருந்து வந்த அப்பா, "பேச்சு பேச்சுத்தான். முடியெடுக்கிற அன்னைக்கு வா, பாக்கலாம்" என்றார்.

அன்றே அவள் போய்விட்டாள். தம்பி இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

முடி மறுபடி வளர்ந்து, அடுத்த தையில் கிடா வெட்டி மொட்டை போட்டோம். யாரும் சொல்லி அனுப்பவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு வந்து நின்றாள். உறவுக்காரர்கள் முன்னால் அப்பா தட்டில் ஒரு புதுச் சேலையை வைத்து நீட்டினார்.

"சீரு வாங்க வரலீங்க சாமி. கூலி கேட்டு வந்தேனுங்க."

"ஏம்புள்ள, நல்ல நாளும் அதுவுமா கணக்குப் பேசுற?" என்று சித்தப்பா சிரித்தார்.

சேலையை அவள் தொடவில்லை. தம்பி மொட்டைத் தலையோடு ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். குப்பாயி எங்கே என்று நான்தான் கேட்டேன்.

"சேலத்துல ஒரு ஊட்டுல புள்ள தூக்குறா, கண்ணு. எங்கக்கா இனி வெச்சுப் பாக்க முடியாதுன்னுட்டா. கூலியெல்லாம் இல்ல, சோறு மட்டுந்தான்."

குப்பாயிக்கு அப்போது ஏழு வயசு.

தம்பியின் கைகளை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு அவள் வண்டிப்பாதையில் இறங்கி நடந்தாள். அம்மா அந்தச் சேலையை மடித்துக் கூடையில் வைத்தார். பந்திக்கு நேரமாகியிருந்தது.