மணிக்கட்டில் நான் அழுத்தாத இடம்

லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள செம்பனைத் தோட்டம் ஒன்றின் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடம் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தேன். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், முள்குத்து, சுளுக்கு எல்லாம் என் தலையில்தான். திங்கட்கிழமை காலையில் எம்.சி. என்ற மெடிக்கல் லீவுச் சீட்டு கேட்டு வரும் கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் நடிக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்ற திமிரும் இருந்தது.

கலைவாணி வந்ததும் ஒரு திங்கட்கிழமைதான். உதிரிப் பழம் பொறுக்குகிறவர். மினி டிராக்டர் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் டெஸ்ட். பாஸ் செய்தால் எங்கள் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் முதல் பெண் அவர்தான். மழையில் கால்வாய்ப் பலகை வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருந்தார்.

"எங்க வலிக்குது?"

"கட்டவிரலுக்குக் கீழ, டிரெசர். ஸ்டீரிங்க புடிக்க முடியல."

வீக்கம் அதிகமில்லை. மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்தேன், அசைந்தது. சுளுக்கு என்று எழுதினேன். ஐஸ் ஒத்தடம், கிரேப் பேண்டேஜ், இரண்டு நாள் லைட் டியூட்டி.

ஐந்தாம் நாள் மறுபடி வந்தார். கையில் எண்ணெய் வாசம். பக்கத்து ஊரான சிம்பாங் ரெங்கத்தில் சுளுக்கு எடுக்கும் ஒருவரிடம் போய் உருவிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அடிபட்ட கைய உருவச் சொன்னது யாரு? இனிமே அவருகிட்டயே போங்க லா, இங்க எதுக்கு வர்றீங்க?"

புதிதாக அடிபட்ட இடத்தை உருவக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் ஏசுகிற வேகத்தில் நான் அவர் கையைப் பார்க்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து மூன்றாம் முறை வந்து, எக்ஸ்-ரே எடுக்க லெட்டர் கேட்டார்.

"டெஸ்ட்டுக்குப் பயந்துட்டீங்களா?" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். பக்கத்தில் நின்ற மண்டோர், வேலையாட்களை மேய்க்கும் கங்காணி, சிரித்தார். கலைவாணி பேண்டேஜைத் தானே சுற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை.

டெஸ்ட் அன்று வளைவில் ஸ்டீரிங் அவர் கையைவிட்டு நழுவியது. நல்லவேளை, வண்டி மேட்டில் ஏறி நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தபோது, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சின்ன எலும்பு இரண்டாக உடைந்திருந்தது தெரிந்தது. இரத்த ஓட்டம் குறைந்து ஒரு பாதி செத்துப் போயிருந்தது. ஆப்பரேஷன் செய்தார்கள். பிடி திரும்பவில்லை.

கட்டைவிரலை விரித்துத் தூக்கினால் அதன் அடியில் ஒரு சின்னக் குழி தெரியும். கையை ஊன்றி விழுந்தவருக்கு அங்கே அழுத்தி வலித்தால், உடைந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம். கட்டைவிரலையும் சேர்த்து ஸ்பிளிண்ட் கட்டி, பத்துப் பதினான்கு நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். இதெல்லாம் பயிற்சியில் நான் படித்ததுதான். அழுத்திப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அவர் முதல் நாளே அந்த இடத்தைச் சொல்லியிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். ஒற்றைக் கையால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என் தப்புதான், கலைவாணி."

"சுளுக்குன்னு சொன்னதுகூட பரவால்ல, டிரெசர். வலிக்காமலா மூணு தடவ வந்து உங்ககிட்ட ஏச்சு வாங்குவேன்?"

வெட்கமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

இப்போது கிளினிக்கில் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அதே வலியோடு ஒருவர் திரும்பி வந்தால், போன தடவை நீங்கள் எழுதியதை மூடி வைத்துவிட்டு, புதிதாக வந்தவரைப் போல முதலிலிருந்து பாருங்கள். தப்பு அவரிடம் இருக்காது, உங்கள் குறிப்பில் இருக்கும்.

கலைவாணி இப்போது நர்சரியில் இடது கையால் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறார். டிராக்டர் வேலைக்கு அவர் பெயரை யாரும் மறுபடி எழுதவில்லை.