‘இருக்கலாம்’ என்று மகளிடம் சொன்ன தாய்

ஹாலிஎலயில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது புஷ்பம் அழைத்தார். தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். “மிஸ், நம்ம மகேஸ் அக்கா போயிட்டாங்க” என்றார். எங்கே போனார் என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அழுகைதான் கேட்டது.

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இடத்தில் குளவிக்கூடு கலைந்திருக்கிறது. மற்றப் பெண்கள் ஓடித் தப்பிவிட்டார்கள். முழங்கால் வலிக்காரரான மகேஸ்வரி அக்காவால் அந்தச் சரிவில் ஓட முடியவில்லை. லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் குடும்பநல மருத்துவ மாதுவாக வேலை செய்கிறவள் நான். அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் வயிற்றுப் பிள்ளையோடு எங்கள் கிளினிக்கின் நீள வாங்குப் பலகையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். அவர் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்வதற்காக அவர் பட்டது எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

அவருடைய ஒரே மகள் சங்கீதா பிறக்கும்போதே மிகச் சிறியவள். நடக்கவும் பேசவும் நாளானது. இன்று சொல்லிக்கொடுத்ததை நாளை மறந்துவிடுவாள். பதுளையில் பிள்ளை வைத்தியரிடம் காட்டப் போனபோது நானும் கூடப் போனேன். வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, “கர்ப்பமா இருக்கேக்க குடிக்கிற பழக்கம் ஏதும் இருந்ததோ அம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

மகேஸ்வரி அக்கா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்: “மழைக் காலத்துல மலையில இருந்து வந்தா உடம்பு விறைச்சுப் போயிருங்க. வீட்டுல கொஞ்சம் சாராயம் குடுப்பாங்க. வயித்துல இருக்குன்னு தெரிஞ்ச பொறகும் குடிச்சேன். யாரும் வேணாம்னு சொல்லல.”

“அதாலதான் எண்டு என்னால உறுதியாச் சொல்ல ஏலாது. அதுவும் காரணமா இருக்கலாம்” என்றார் வைத்தியர். அவர் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் சங்கீதா தாயின் மடியில் தூங்கிவிட்டாள். பசறை தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். “உறுதியாத் தெரிஞ்சா ஒரேயடியா அழுது தீத்துரலாம் மிஸ். இது சாகுற வரைக்கும் தெரியாமலே இருக்கப்போகுது” என்றார். அப்படித்தான் ஆயிற்று.

அதன்பின் அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. கவிதாவின் விஷயம் வரும்வரை அப்படியே இருந்தார். கவிதா அடுத்த லயத்து வரிசை வீடொன்றுக்குப் புதிதாகக் கலியாணமாகி வந்த பெண். கிளினிக்குக்கு வராததால் தேடிப் போனேன். கதவைப் பாதி சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் கலியாணத்தில் கள்ளச் சாராயமான கசிப்பைக் குடித்திருக்கிறாள், பிறகும் சில தடவை குடித்திருக்கிறாள். பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும், கலைத்துவிட வேண்டும் என்று அடம்பிடித்தாள். நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அவள் நிமிரவே இல்லை.

அழுகைச் சத்தம் கேட்டு மகேஸ்வரி அக்கா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“நானும் குடிச்சேன்டி. சங்கீதா வயித்துல இருக்கும்போது.”

கவிதா அப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

“குடிச்சதத் திருப்பி எடுக்க முடியாது. இனிமே குடிக்காம இருக்கலாம். எல்லாப் புள்ளைக்கும் இப்படித்தான் ஆகும்னு இல்ல. ஒம் புள்ளைக்கு என்னான்னு யாருக்குத் தெரியும்? இன்னைக்கே நிப்பாட்டு. மிஸ்கிட்ட மறைக்காத, அவங்க ஒண்ணும் பொலிஸ் இல்ல.”

அடுத்த கிளினிக்குக்கு கவிதா வந்தாள். அவளுக்குத் துணையாக வந்த மகேஸ்வரி அக்கா அதன்பின் ஒவ்வொரு கிளினிக் நாளிலும் வரத் தொடங்கினார். நான் அழைக்கவில்லை. வேலை முடிந்ததும் வந்து வாங்கின் ஓரத்தில் உட்காருவார். எந்தப் பெண் அதிகம் பேசாமல் இருக்கிறாளோ அவளுக்குப் பக்கத்தில் போவார்.

அவருடைய கணவர் சிவகுமாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. “ஒன் வாயாலேயே நம்ம புள்ளைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்காத” என்று சண்டை போட்டார். வெகுநாள் பேசாமலும் இருந்தார். அவர் பயந்தது பொய்யாகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சங்கீதாவைச் சாராயக் குட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த அன்று நான் அங்கே இருந்தேன். பையைக்கூடக் கழற்றாமல் தாயின் முன்னால் நின்று கேட்டாள்.

“நீ குடிச்சதுனாலதான் எனக்குப் படிப்பு வரலையாம்மா?”

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று எனக்குள் வேண்டிக்கொண்டேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் குந்தினார்.

“இருக்கலாம் சாமி. டாக்டருக்கே சரியாத் தெரியல. எனக்குத் தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டேன்.”

சங்கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்பக் குடிக்கிறியா?”

“இல்ல.”

“அப்பச் சரி. பசிக்குது.”

அக்கா ரொட்டி சுட்டுக் கொடுத்தார். அவள் தின்று முடிக்கும்வரை முகம் மாறாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் போய், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சிவகுமார் அவர் பின்னால் போனார். அடுத்த மாதம் கிளினிக்கில் ஆண்களையும் கூப்பிட்டு நான் ஒரு கூட்டம் வைத்தபோது, வாசலிலேயே நின்ற சிவகுமார், “நான்தாங்க வாங்கிட்டு வந்து குடுத்தேன்” என்றார். அங்கிருந்த ஆண்கள் எவரும் சிரிக்கவில்லை.

சாவு வீட்டில் அக்காவின் முகம் குளவி கொட்டியதில் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. “இது எங்கம்மா இல்ல” என்று சங்கீதா வெளியே ஓடினாள். பெரிய பிள்ளைதான், ஆனாலும் அவளைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. சிவகுமார் மனைவியின் கையை எடுத்து மகளின் கைக்குள் வைத்தார். கொழுந்துக் கறை ஏறி வெடித்திருந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். “அம்மாதான்” என்றாள். அதன்பிறகு எடுக்கும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை.

காரியம் முடிந்து வந்த கிளினிக்கில், தோட்டத்தின் வேறு டிவிஷனிலிருந்து ஒரு கர்ப்பிணி வந்திருந்தாள். எல்லோரும் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“மகேஸ் அக்காகிட்டச் சொல்லலாம்னுதான் வந்தேன். வந்த பொறகுதான் அவங்க இல்லைன்னு சொன்னாங்க.”

“என்கிட்டச் சொல்லுங்க.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நீங்க குடிச்சிருக்கீங்களா மிஸ்?”

“இல்லம்மா.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவின் இடத்தில் உட்கார எனக்குத் தகுதி இல்லை என்பது அப்போது நன்றாகப் புரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்று கேட்கவும் இல்லை. வெளியே அவளுடைய பஸ் வந்து போனது. வெகுநேரம் கழித்து அவள் தானாகவே பேச ஆரம்பித்தாள்.

அக்கா, ஒருத்தி வாய் திறக்கும்வரை அவசரப்படுத்தாமல் கூட இருப்பதை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.