அடைக்கலம் போட்ட கட்சித் துண்டு

நான் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனவன். அதற்குமேல் வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஆனால் ஒரு மாட்டைப் பத்தடி தள்ளி நின்று பார்த்து, அது எந்த ஊர்ப் பக்கத்து மாடு, எத்தனை கை மாறி வந்திருக்கிறது, எந்தக் காலில் வலி என்று சொல்லிவிடுவேன். சமஸ்தானம் கலைந்து புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷத்தில், அடுத்தவன் மாட்டைக் கறம்பக்குடிக்கு நடத்திக் கொண்டுபோய் விடுகிற கூலி ஆள் நான். மாட்டு வியாபாரம் பண்ணி, பதினெட்டே வருஷத்தில் சொந்த ரைஸ் மில், சொந்த ஜீப்பு. யாருடைய சிபாரிசும் கிடையாது. பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

இப்படிப்பட்ட நானே ஒதுங்கி நின்று வழிவிடுகிற ஆள் எங்கள் சந்தையில் ஒருவன் இருந்தான். தரகர் அடைக்கலம். மாட்டு விஷயத்தில் மேதை. அரசியல் விஷயத்தில், நண்பன் என்பதால் மரியாதையாகச் சொல்கிறேன், மடையன்.

விராலிமலைக்குத் தெற்கே ரோட்டோரத்தில் திங்கட்கிழமை கூடும் சந்தை அது. அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தரகன் தன் தோள் துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டுக்கொள்வான். விற்கிறவன் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பான். முழு விரல் நூறு ரூபாய், அரை விரல் ஐம்பது. அடுத்தாற்போல வாங்குகிறவன் கையை விடுவான். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை மூன்று பேருக்குத்தான் தெரியும்.

எதற்கு இந்த மூடுமந்திரம் என்று டவுன்காரர்கள் சிரிப்பார்கள். நாலு பேர் நடுவில் 'நானூறுக்கு ஒரு ரூபாய் குறைய மாட்டேன்' என்று வாய்விட்டுச் சொன்னவன் அப்புறம் இறங்க முடியாது. இறங்கினால் வேடிக்கை பார்க்கிறவன் சிரிப்பான். துண்டுக்குள் சொன்னவன் ஏறலாம், இறங்கலாம், மானம் அப்படியே இருக்கும். பி.ஏ. படித்தவனுக்கு இது விளங்க மூன்று நாள் ஆகும்.

எங்கள் கூட்டில் மூன்றாவது ஆள் சோலையப்பன். நாலு ஏக்கர் வானம் பார்த்த பூமி, ஒரு ஜோடி மாடு, உடம்பில் கதர். காங்கிரஸில் அவனுக்கு ஒரு பதவியும் கிடையாது. ஒரு நாள்கூட ஜெயிலுக்குப் போனதில்லை. ஆனால் பேச ஆரம்பித்தால், வெள்ளைக்காரனை அவன்தான் கப்பல் ஏற்றிவிட்டுக் கையசைத்து விட்டு வந்த மாதிரி இருக்கும்.

அடைக்கலத்துக்கு முதலில் கட்சியெல்லாம் இல்லை. அறுபத்திரண்டில் அவன் மச்சினன் பொன்னமராவதியில் நடந்த கழகக் கூட்டம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனான். போகும்போது தரகன், வரும்போது பேச்சாளன். வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பிச்சையம்மாளிடம், "தாகம் தணிக்கத் தண்ணீர் தருவாயா?" என்று கேட்டிருக்கிறான். அவள், "பானை அங்கிட்டு இருக்கு, மோந்து குடி" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தீனி வைக்கப் போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை அவன் தோளில் கறுப்பும் சிவப்புமாகக் கரை போட்ட துண்டு.

அதன் பிறகும் நாலு வருஷம் ஒன்றும் கெடவில்லை. சந்தை கலைந்து மூன்று பேரும் ரோட்டில் நடந்து வரும்போது இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கத்துவார்கள். ஊர் வந்ததும் வெற்றிலையை மடித்துக் கொடுத்துக்கொண்டு பிரிவார்கள். கேட்க என்னைத் தவிர யாரும் இல்லை. நானும் பாதி நேரம் கேட்கமாட்டேன்.

கெட்டது அறுபத்தாறு பங்குனியில். சந்தையை ஒட்டியிருந்த காஜா மைதீன் டீக்கடையில் நாற்பது பேர் இருந்தோம். அரிசி கிடைக்காத வருஷம். வாயில் போட்டு மெல்ல வேறொன்றும் இல்லாததால் எல்லோரும் அரசியலை மென்றுகொண்டிருந்தார்கள். காங்கிரஸுக்கு அப்போது நுகத்தில் பூட்டிய இரட்டைக் காளை சின்னம். கழகத்துக்கு உதயசூரியன்.

சோலையப்பன் தொடங்கினான். "ஏன் மாப்ளே, காலம்பூரா ஒனக்குக் காளை மாட்டுலதான் சோறு. ஓட்டு மட்டும் சூரியனுக்கா? நாளைக்குச் சூரியனை ஏர்ல பூட்டி உழுவியோ?"

அடைக்கலம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "காளையப் பத்தி எனக்கு நீ சொல்றியா? ஒங்க ஜோடிக்குப் பல்லெல்லாம் விழுந்து போச்சு மாப்ளே. தீனி மட்டும் திங்குது, ஏர் இழுக்க மாட்டேங்குது. சந்தைக்குப் பிடிச்சாந்தா நானே வெலை வைக்க மாட்டேன்."

கடை முழுக்கச் சிரித்தது. ரோட்டில் நடக்கும்போது இதைச் சொல்லியிருந்தால் சோலையப்பனே சிரித்திருப்பான். நாற்பது பேர் சிரித்தபோது அவன் முகம் வெளுத்துவிட்டது.

"கட்சித் துண்டு போட்டவனுக்குத் தரகு என்னய்யா தரகு? அந்தத் துண்டுக்குள்ள இனிமே என் கை வராது."

"வராட்டிப் போ. கதர்த் துண்டுக்குள்ள நானும் கை விடமாட்டேன். விட்டா கையை வெட்டிப் போடு."

"வெட்டிப்பிட்டா கூட்டத்துல எதை வச்சுக் கை தட்டுவே?"

காஜா மைதீன் பாய் நடுவில் வந்தார். "ரெண்டு பேரும் கிளாசக் கீழ வச்சிட்டுச் சண்டை போடுங்க. ஒடஞ்சா எந்தக் கட்சியும் வந்து தராது."

கிளாஸ் உடையவில்லை. சந்தை உடைந்தது. அடுத்த வாரமே காங்கிரஸ்காரர்கள் யாரும் அடைக்கலத்தின் துண்டுக்குள் கை விடவில்லை. உடையப்பன் என்று ஒருவன், மாட்டுக்கு எந்தப் பக்கம் வால் என்று கேட்டால் யோசித்துச் சொல்கிறவன், கதர்த் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தரகனாகிவிட்டான். கிழக்குப் பக்கம் காங்கிரஸ் மாடு, மேற்குப் பக்கம் கழக மாடு. ஒத்தை மாட்டுக்கு ஜோடி தேடி வந்த வெளியூர்க்காரன் பாடு திண்டாட்டம். நுகத்தில் இடப் பக்கத்துக்குத் தோதான மாடு ஒரு கட்சியில் இருக்கும், வலப் பக்கத்துக்குத் தோதானது மறு கட்சியில் நிற்கும். மாடுகள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் சாணி போட்டுக்கொண்டிருந்தன.

நான் எந்தப் பக்கமும் சாயவில்லை. என் மில்லின் கிழக்குச் சுவரில் காளை வரைய விட்டேன், மேற்குச் சுவரில் சூரியன் வரைய விட்டேன். "சூரியன் மேக்கால உதிக்குதே" என்று ஒருவன் கேட்டான். "சுவரு என்னுது" என்றேன்.

ஆடி மாதம் சோலையப்பனின் வலத்து மாடு பாம்பு கடித்துச் செத்தது. ஆவணியில் நல்ல மழை. ஊரெல்லாம் ஏர் கட்டிவிட்டார்கள். இவன் ஒத்தை மாட்டை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தான். ஈரம் காய்வதற்குள் உழாவிட்டால் நாலு ஏக்கரும் தரிசு. அரிசி கிடைக்காத காலத்தில் தரிசு போட்டால் ஆறு மாதம் என்ன தின்பது? இரண்டு பேரிடம் கைமாற்று வாங்கி மடியில் முடிந்துகொண்டு, திங்கட்கிழமை தனியாகச் சந்தைக்கு வந்தான். நேராகக் கிழக்குப் பக்கம் போய் உடையப்பன் முன்னால் நின்றான்.

நானும் அடைக்கலமும் புளியமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உடையப்பன் ஒரு மயிலைக் காளையைப் பிடித்து வந்து காட்டினான். பார்வைக்கு ராஜா மாதிரி இருந்தது. அடைக்கலம் என் முழங்கையைப் பிடித்தான்.

"ஆத்மநாதா, அந்த மாடு எனக்குத் தெரியும். ரெண்டு வருசத்துக்கு முந்தி கறம்பக்குடிக்காரன் ஒருத்தன் எங்கிட்டக் கொண்டாந்தான். வெயில் ஏறுச்சுன்னா நின்ன எடத்துலயே படுத்துக்கும். அடிச்சுக் கொன்னாலும் எந்திரிக்காது. நூறு ரூபாய்க்கு மேல பெறாதுன்னு திருப்பி அனுப்புனேன்."

"போய்ச் சொல்லு."

"நான் போய்ச் சத்தமா சொன்னா, நான் சொன்னேங்கிறதுக்காகவே வாங்குவான். நீ போ. நீதான் எந்தக் கட்சியும் இல்லையே."

போனேன். ஜில்லாவில் என் சொல்லுக்கு உள்ள மதிப்பு உங்களுக்குத் தெரியாது. கலெக்டர் ஆபீஸ் ஆட்களே என்னை உட்காரச் சொல்லித்தான் பேசுவார்கள். சோலையப்பனை ஓரமாக இழுத்து, "அந்த மாடு வேண்டாம்ப்பா" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தான். "அவன் சொல்லி அனுப்புனானா? நீ ரெண்டு பக்கமும் தலையாட்டுறவன். ஒஞ்சொல்லைக் கொண்டுபோய் எந்தக் கட்டுத்தறியில கட்டுறது?"

 

நான் மரத்தடிக்கு வந்து சேர்வதற்குள் சோலையப்பனின் வலது கை உடையப்பன் துண்டுக்குள் போய்விட்டது. அவன் தோள்பட்டை அசைவதைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது, மூன்று விரல் தாண்டிவிட்டது. அடைக்கலம் நடந்தான். கிழக்குப் பக்கத்துக்குப் போகுமுன் கட்சித் துண்டைக் கழற்றி மடியில் செருகிக்கொள்வான் என்று நினைத்தேன். கழற்றவில்லை. கரை தெரிய அப்படியே போனான். கதர்க்காரர்கள் வழிவிட்டார்கள். மரியாதைக்கு இல்லை, மேலே பட்டுவிடக் கூடாதே என்று.

போய்ச் சோலையப்பனின் இடது பக்கம் நின்றான். சோலையப்பனின் சொந்தக் கதர்த் துண்டு அவன் தோளிலிருந்து இடுப்பு வரை தொங்கியது. அதன் நுனியை எடுத்து அவனுடைய சும்மா இருந்த இடது கையின்மேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டான்.

சந்தை முழுக்க எட்டிப் பார்த்தது.

உள்ளே நடந்ததைப் பல வருஷம் கழித்து சோலையப்பனே எனக்குச் சொன்னான். அடைக்கலம் அவனுடைய ஒரே ஒரு விரலைப் பிடித்து அழுத்தினானாம். நாலு விரல் விலை சொல்கிற மாட்டுக்கு ஒரு விரல். சோலையப்பன் நம்பாமல் இரண்டு விரலை நீட்டினான். அடைக்கலம் ஒன்றை மடக்கிவிட்டு மறுபடி அதே ஒற்றை விரலைப் பிடித்தான். இருபது வருஷமாக அவனுக்குத் தெரிந்த கை. வாய் எத்தனையோ உளறியிருக்கிறது. கை ஒரு தடவைகூடப் பொய் விலை சொன்னதில்லை.

அடைக்கலம் கையை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினான். சோலையப்பன் உடையப்பனிடம் சொன்னான், "மாட்ட அந்த வெட்டவெளியில கட்டுங்க. டீ குடிச்சிட்டு, வெயில் உச்சிக்கு ஏறுனதும் வந்து பாக்குறேன். நின்னுக்கிட்டு இருந்தா நீங்க சொன்ன வெலை."

"சந்தேகப்படுறீங்களா, நம்ம கட்சி ஆளுகிட்டயே?"

"கட்சியச் சந்தேகப்படல. காலைத்தான்."

உச்சி வெயிலில் போய்ப் பார்த்தால் மாடும் இல்லை, உடையப்பனும் இல்லை. முளைக்குச்சி மட்டும் நின்றது.

மூன்றாம் நாள் சோலையப்பன் கொட்டிலுக்கு ஒரு செவலைக் காளை வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவன் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு, தரகு வேண்டாமாம் என்றான். யார் அனுப்பியது என்று சோலையப்பன் கேட்கவில்லை. அன்றைக்கே ஏர் கட்டினான். நாலு ஏக்கரும் உழவாயிற்று. ஆனாலும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆம்பிளைகள் வீம்பு ஒரு மாட்டோடு தீருமா?

கழகக் கிளையில் அடைக்கலத்தைக் கூப்பிட்டு விசாரணை வைத்தார்கள். கதருக்குள் கை விட்டது ஏன் என்று கேட்டிருக்கிறார்கள்.

"வெலை சொல்ல."

"என்ன வெலை?"

"அது மூணாம் பேருக்குச் சொல்றதில்ல" என்று எழுந்து வந்துவிட்டான். இவனை என்ன செய்வது என்று தெரியாமல் அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்களாம்.

அறுபத்தேழு மாசியில் சூரியன் ஜெயித்தது. அடுத்த திங்கட்கிழமை சந்தைக்குப் போனால், உடையப்பன் தோளில் புதுக் கறுப்பு சிவப்புத் துண்டு. அடைக்கலத்தின் துண்டைவிட இதில் கரை இரண்டு விரல் அகலம். "ஒரு வழியா நாம ஜெயிச்சிட்டோம்" என்று அடைக்கலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அடைக்கலம் குலுக்கிய கையைத் தவிடு கலந்த தொட்டியில் கழுவினான்.

சோலையப்பன் சந்தைப் பக்கமே வரவில்லை. மூன்றாவது வாரம் அடைக்கலம் மில்லுக்கு வந்து, "ஜீப்ப எடு" என்றான்.

வழியில் அவனுக்குப் பாடம் எடுத்தேன். "இந்தா பாரு, நீ ஜெயிச்சவன். நீயா வாயத் தொறந்தா அது நக்கல். அவனா தொறந்தா அது பேச்சு. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"நான் என்ன பேசப் போறேன்? மாட்டப் பாக்க வாரேன்."

சோலையப்பன் கொட்டிலில் இருந்தான். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "வாங்க" என்று பொதுவாகச் சொன்னான். அடைக்கலம் நேரே போய்ச் செவலைக் காளையின் காலைத் தூக்கிப் பார்த்தான்.

"லாடம் தேஞ்சிருச்சு."

"அடுத்த வாரம் அடிக்கணும்."

"முன்னங்காலுக்கு மட்டும் அடி. பின்னங்காலு தாங்கும்."

இப்படியே அரை மணி நேரம் லாடம். லாடத்தைப் பற்றி உலகத்தில் இவ்வளவு விஷயம் இருக்கிறதென்று மாட்டு வியாபாரியான எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பிறகு சோலையப்பன் வைக்கோலை உதறிப் போட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டான்.

"ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு கத்துனீங்களே. எப்பத் தருவீங்க?"

அடைக்கலத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தான். திறந்தவன் சுற்றிலும் பார்த்தான். இரண்டு மாடு, நான்.

"மொதல்ல அந்த மில்லுக்காரனை அனுப்பு. அப்பறம் சொல்றேன்."

"அது சரி" என்றான் சோலையப்பன். "போயிட்டு வாப்பா ஆத்மநாதா."

ஜில்லாவில் என்னை எழுந்து போகச் சொன்னவர்கள் அந்த இரண்டு பேர்தான். ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடைக்கலம் மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினான். தொண்டை கட்டிப்போய், டீ வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டினான்.