பட்டாணியை யார் பார்த்துக்கொள்வார்கள்?

என் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு கால்நடை மருத்துவர்.

திருவிடந்தைக்குப் பக்கத்தில், ஈசிஆரிலிருந்து உள்ளே பிரியும் மண்சாலையில் ஒரு நாய்க் காப்பகம் இருக்கிறது. தெருவில் அடிபட்டும் நோய்ப்பட்டும் கிடக்கும் நாய்களை எடுத்து வந்து, தேற்றி, வீடு தேடிக் கொடுப்பார்கள். செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போய்விடுவேன். ஞாயிறுதான் அங்கே கீமோ (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுவது) நாள். நாய்களுக்கும் கீமோ உண்டா என்று எங்கள் பள்ளி ஆசிரியைகள் மூக்கில் விரல் வைப்பார்கள். உண்டு. தெருநாய்களுக்குப் பிறப்புறுப்பில் ஒரு புற்றுக்கட்டி வரும். இணைசேரும்போது ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும். மனிதருக்கு வராது. வின்கிரிஸ்டின் (புற்றணுக்கள் பெருகாமல் தடுக்கும் மருந்து) வாரம் ஒருமுறை நரம்பில் போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

அந்த மருந்து மனிதர்களுக்கென்று தயாரான சின்னக் குப்பியில்தான் வரும். ஒரு நாய்க்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. திறந்ததை வீணாக்கக் கூடாது என்று, கட்டி உள்ள நாய்களையெல்லாம் ஒரே நாளில் வரிசையாக நிறுத்தி ஒரு குப்பியைப் பங்குபோடுவது எங்கள் வழக்கம். நாய்களின் காலைப் பிடிப்பது என் வேலை. மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும், ஆகவே கால் அசையவே கூடாது.

என் கட்டி தெரியவந்த அன்று நான் பிடித்திருந்தது பட்டாணியின் காலை. மாமல்லபுரத்தில் மீன் விற்கும் இடத்துக்குப் பின்னால் ரத்தம் ஒழுகக் கிடந்த பெண் நாய். ஊசி முடிந்ததும் எங்கள் காப்பகத்தின் டாக்டர் சுமதி அதன் தாடைக்குக் கீழே விரல்களை விட்டுத் தடவினார். எந்த நாயைக் கண்டாலும் அவர் கை முதலில் அங்கேதான் போகும், நிணநீர்க் கணுக்கள் (நோயை எதிர்க்கும் சின்ன முடிச்சுகள்) வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்க. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், என் தாடைக்குக் கீழேயும் அதேபோல் விரல்களை விட்டார்.

“ரோஸி, இது எவ்ளோ நாளா இருக்கு?”

“எது மேடம்?”

“நாளைக்கே மனுஷ டாக்டர்கிட்ட போ.”

பட்டாணி என் கையை நக்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பயாப்ஸி (கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்தபோது என்னோடு மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி ஆல்பர்ட். எங்கள் அம்மாவும் அப்பாவும் மதுராந்தகம் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இப்போது ஆல்பர்ட்டுக்கு மறைமலை நகரில் தொழிற்சாலை வேலை, எனக்குப் பள்ளி வேலை. இருவரும் சேர்ந்து வாங்கிய வீட்டில் கீழே அவனும் அவன் மனைவி ஷீலாவும், மாடியில் நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

லிம்போமா (நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்) என்றார் டாக்டர். பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது என்றும் சொன்னார். அந்தப் ‘பெரும்பாலும்’ அன்றைக்கு என் காதில் நுழையவில்லை, பிறகுதான் நுழைந்து அங்கேயே குடியிருந்தது. எந்தெந்த மருந்துகள் ஏற்றப்படும் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் வின்கிரிஸ்டின் என்றதும் நான் சிரித்துவிட்டேன்.

“ஏன் சிரிக்கிறீங்க?”

“எங்க பட்டாணிக்கும் இதேதான் சார்.”

பட்டாணி யாரென்று சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. “அய்யோ, கம்முனு இருக்கா” என்று ஆல்பர்ட் என் முழங்கையை இடித்தான்.

உங்களில் யாராவது முதல் கீமோவுக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால், ஊசிக்குப் பயப்பட வேண்டாம். அது எறும்புக் கடி. பயப்பட வேண்டியவை சில்லறை விஷயங்கள். தாடை வலிக்கும், இட்லியை மெல்ல முடியாது. மலச்சிக்கல் பெரும்பாடு. முடி ஒரு நாள் குளியலறைத் தண்ணீரோடு போய்விடும். நாய்களுக்கு இந்த மருந்தால் முடி அவ்வளவாகக் கொட்டாது. அந்த விஷயத்தில் பட்டாணி என்னைவிடக் கொடுத்துவைத்தது. பிறகு விரல்நுனிகள் மரத்துப்போகும். நியூரோபதி (நரம்புகள் பாதிக்கப்படுவதால் வரும் மரமரப்பு) என்று அதற்குப் பெயர்.

பார்க்க வருபவர்களையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அம்மாள், நாய்களோடு புழங்கியதால்தான் எனக்கு ஒட்டிக்கொண்டது என்று கண்டுபிடித்துச் சொன்னார். சொல்லிவிட்டு, என் வீட்டுத் தம்ளரில் தண்ணீர் குடிக்காமல் போனார்.

ஆல்பர்ட்டைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும். ஒவ்வொரு கீமோவுக்கும் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப்போனவன் அவன். நான் வாந்தியெடுத்த வாளியை முகம் சுளிக்காமல் கழுவினான். ஷீலா மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். குறை சொல்ல எதுவுமில்லை.

பட்டாணி சில வாரங்களில் குணமாகிவிட்டது. காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் பார்த்திபன் படங்கள் அனுப்பினான். கட்டி இருந்த இடம் வற்றி, மேலே மினுமினுப்பு வந்து, வேறு நாய்போல நின்றது. எனக்கு இன்னும் பாதி சிகிச்சை பாக்கி. பட்டாணியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில் எனக்கு வேண்டும் என்று தோன்றிய ஒரே பொருள், ஒரே உயிர் அதுதான். எனக்குப் போட்ட அதே மருந்தைத் தாங்கிக்கொண்டு எழுந்து நின்ற ஒன்று என் அறைக்குள் நடமாட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

டாக்டரிடமும் கேட்டேன். “வெள்ளணு (கிருமிகளோடு போராடும் ரத்த அணு) குறையற நாட்கள்ல தள்ளி இருங்க. மலம் அள்ளாதீங்க, முகத்தை நக்க விடாதீங்க. மத்தபடி வெச்சுக்கங்க, உங்களுக்கு நல்லதுதான்” என்றார். ஆல்பர்ட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் காப்பகத்தில் ஒரு முறை உண்டு. நாயைக் கொடுப்பதற்குமுன் அந்த வீட்டுக்கு ஒருவர் நேரில் போவார். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் முன்னால் உட்கார வேண்டும். நாயைக் கேட்டவரை விட்டுவிட்டு மற்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படும்: இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாயை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா? வாய்விட்டு ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஒருவராவது சொன்னால்தான் நாய். எஜமானர் இறந்த மறுநாளே தெருவுக்கு வந்த நாய்களை நிறையப் பார்த்துவிட்டு நான்தான் இந்தக் கேள்வியைச் சேர்த்தேன். வாட்டசாட்டமான இளைஞர்களைப் பற்றி அவர்கள் மனைவிகளிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

பார்த்திபன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கூடத்தில் ஆல்பர்ட், ஷீலா, தலையில் துணி கட்டிக்கொண்டு நான். ஈரத் துணிபோல நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இத்த கேக்காம வுட்டுடட்டுமா?” என்றான் பார்த்திபன் என் பக்கம் குனிந்து.

“எல்லாருக்கும் ஒரே ரூல்தான். கேளு.”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “அண்ணாத்த, தப்பா நெனச்சுக்காதீங்க. அக்காவுக்கு நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, பட்டாணிய நீங்க பாத்துப்பீங்களா?”

ஆல்பர்ட் மின்விசிறி சுவிட்சைப் பார்த்தான். பிறகு தன் கால்களைப் பார்த்தான். “அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு பேசிகினு? மொதல்ல அக்கா நல்லாவட்டும்” என்றான். ஷீலா காபி கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்து போனாள். நான் ஆல்பர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நிமிரவில்லை.

காபி வந்தது. பார்த்திபன் குடித்தான். வாசல்வரை போய் அவனை அனுப்பிவைத்தேன்.

“சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நான் இன்னாக்கா பண்றது?”

“சரின்னு சொல்லலன்னா நம்ம எப்பவும் என்ன பண்ணுவோம்?”

“குடுக்க மாட்டோம்.”

“அப்ப குடுக்காத.”

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. கோபத்தில் உடம்பெல்லாம் சுட்டது, ஷீலா காய்ச்சலோ என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள்.

அன்றிரவிலிருந்து கஞ்சியின் ருசி மாறிப்போனது. இவர்கள் எனக்கு ஊற்றுவது பாசத்தினாலா, இன்னும் கொஞ்ச நாள்தானே என்பதாலா என்று ஒவ்வொரு வாய்க்கும் தோன்றும். நோயாளிக்கு இப்படித் தோன்றுவது நோயின் ஒரு பகுதி என்று பிறகு மருத்துவமனையின் மனநல ஆலோசகர் சொன்னார். இருக்கலாம். அதற்கு அவரிடம் மருந்து இல்லை.

பட்டாணியை அணுபுரத்தில் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. கணவன், மனைவி, ஒரு மகள். அதே கேள்வியைக் கேட்டானாம் பார்த்திபன். “என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி, எங்க போனாலும் கூட்டிட்டுப் போவோம்” என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்களாம். ஸ்வீட்டி என்று பெயர் மாற்றினார்கள். கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு எடுத்த படம் காப்பகத்தின் முகநூல் பக்கத்தில் வந்தது. நூற்றுக்கணக்கில் இதயங்கள் விழுந்தன. நான் போடவில்லை.

என் சிகிச்சை முடிந்தது. பெட் ஸ்கேனில் (உடம்பில் புற்று எங்கே உயிரோடிருக்கிறது என்று காட்டும் படம்) எதுவும் தெரியவில்லை. ரெமிஷன் (நோயின் அடையாளம் சோதனையில் தென்படாத நிலை) என்றார் டாக்டர். குணமாகிவிட்டதா என்று ஆல்பர்ட் கேட்டான். இப்போதைக்கு இப்படித்தான் சொல்வோம் என்றார் அவர். ஆல்பர்ட் அந்த ‘இப்போதைக்கு’ கேட்காததுபோல, போகும் வழியில் வண்டியை நிறுத்தி ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தான். தம்ளர் தொடாத அம்மாள் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

தலையில் முடி பூனைக்குட்டிபோல முளைத்திருந்த நாட்களில் பார்த்திபன் போன் செய்தான். பட்டாணியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். வடக்கே வேலை மாற்றல் வந்துவிட்டதாம். அங்கே மாடிக் குடியிருப்பாம். ரயிலில் நாயைக் கொண்டுபோவது பேஜாராம். மகள் மட்டும் அழுதாளாம்.

எங்கள் கேள்விக்கு அவ்வளவு சுத்தமாகப் பதில் சொன்னவர்கள். மேசையில் குத்த வேண்டும்போல இருந்தது. குத்தினேன்.

ஆல்பர்ட் பக்கத்தில்தான் இருந்தான். என் கையிலிருந்து போனை வாங்கி, “இங்க இட்டாந்துடு பார்த்தி” என்றான்.

“அண்ணாத்த, அந்தக் கேள்வி...”

“அக்காதான் நல்லாயிடுச்சே, இனிமே இன்னா ஆவப் போவுது? நான் பாத்துக்கறேன்பா. ஒரு நாய்தான, இன்னா இப்போ?”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! அவன் போனை வைத்ததும் கேட்டேன்.

“அன்னிக்கு ஏன்டா வாயத் தொறக்கல?”

போனை என் பக்கம் நகர்த்தினான். “அன்னிக்கு சரின்னு சொல்லியிருந்தா, நீ போயிடுவன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்ல?”

“சொல்லாததாலதான்டா நான் அப்படி நெனச்சேன்.”

“ஒனக்கு எப்படி இருந்தாலும் தப்புதான்க்கா” என்று எழுந்து போய்விட்டான்.

அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். நாய் பாரம் தன் தலையில் விழும் என்று அன்று பயந்திருக்கவும் கூடும். இரண்டும் சேர்ந்தேகூட இருக்கும். எனக்கு வேண்டிய நாளில் அந்த வார்த்தை வரவில்லை என்பது மட்டும் மாறப்போவதில்லை.

பட்டாணி வந்தது. என்னை முகர்ந்தது, வாலை இரண்டு ஆட்டு ஆட்டியது. அதன் முதுகைத் தடவினேன். விரல்நுனிக்கு எதுவும் எட்டவில்லை, உறை போட்டுக்கொண்டு தடவுவதுபோல இருந்தது. அது நகர்ந்து போய் ஆல்பர்ட்டின் காலடியில் படுத்துக்கொண்டது. இப்போதும் அங்கேதான் படுக்கிறது. அவன் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் கேட்டைப் பிறாண்டுகிறது. அவன் அதற்கு மீன் முள் எடுத்து ஊட்டுகிறான், படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறான். மாடிக்கு எப்போதாவது வரும். என்னிடம் மருந்து வாடை இன்னும் இருக்கிறதோ என்னவோ. காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தானே, ஞாபகம் இருக்கும்.

இப்போது எனக்கு மாதங்கள் கிடையாது. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடையில் இருப்பதுதான் காலம். யாராவது அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு என்று பேச்சைத் தொடங்கினால் தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கிறேன். காலையில் பல் துலக்கியதும் கை தானாகத் தாடைக்குக் கீழே போகிறது. மரத்த நுனிகளை நம்ப முடியாது, முடிச்சு இருந்தாலும் சொல்லாது. அதனால் புறங்கையால் தடவிப் பார்க்கிறேன். பிறகு கீழே இறங்கிப்போய், ஆல்பர்ட்டின் கதவருகே தூங்கும் பட்டாணிக்கும் அதேபோல் பார்க்கிறேன். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும்.

எனக்கு ஏதாவது ஆனால் இது தெருவுக்குப் போகாது. பட்டாணிக்கு ஆள் இருக்கிறது.