சார்ஜரைப் பிடுங்கிய பிறகு

என் அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. “மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க” என்று பதினாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் யாராவது அசைந்தால் அவருக்குப் பொறுக்காது. தங்கமான மனுஷிதான். ஆனால் அவர் முறைத்தால் என் அண்ணன் நடந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிடுவான்.

அண்ணி எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பார். அவருடைய நாற்பத்தொன்றாவது வயதில், முதல் தடவையாக ஓர் இசையமைப்பாளர் தன் பாட்டில் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். ஸ்டூடியோவுக்கெல்லாம் வழியில்லை, வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பச் சொல்லிவிட்டார். கிடாரை லேப்டாப்போடு இணைக்க ஒரு சின்னப் பெட்டி, பழையது, தெரிந்தவரிடம் வாங்கியது. லேப்டாப் என்னுடையது. அதுவும் கிழம்.

முந்தின நாள் அனுப்பியதற்குக் காலையில் பதில் வந்தது. “வாசிப்பு பிரமாதம். ஆனா பின்னாடி இரைச்சல். அந்த இடத்துல கிடார் மட்டும்தான் கேட்கும், இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. நாலு மணிக்குள்ள சுத்தமா வரலைன்னா வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்.”

அண்ணி லீவு போட்டார். வீட்டுக்குள் ஊரடங்கு அமலுக்கு வந்தது. மின்விசிறி நின்றது, ஜன்னல்கள் சாத்தப்பட்டன. அண்ணன் வியர்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அம்மாவுக்கு இருமக்கூட அனுமதியில்லை. வாசித்துவிட்டு ஹெட்போனில் கேட்டால், அடியில் அதே ‘ங்ங்ங்’. இன்னொரு தடவை. அதே ‘ங்ங்ங்’.

“யாரோ மூச்சு விடறீங்க” என்றார் அண்ணி.

“பின்ன, விடாம செத்துப்போகவா?” என்றாள் அம்மா.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஐந்தாவது தடவை பாதியில் இருக்கும்போது, சமையலறையில் அம்மா கையிலிருந்த பெரிய பாத்திர மூடி தரையில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. அண்ணி கிடாரைக் கட்டிலில் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மா வாசலில் வந்து நின்று, “தெரியாம நழுவிடுச்சும்மா” என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்போமே என்று நான் ஹெட்போனை மாட்டினேன். கிடார் கேட்டது. ‘ங்ங்ங்’ கேட்டது. மூடி விழுந்த சத்தம் மட்டும் எங்குமே இல்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன். இல்லவே இல்லை.

“அண்ணி, மூடி விழுந்தது இதுல பதியவே இல்ல.”

பிடுங்கி மாட்டிக்கொண்டு கேட்டார். அவர் முகம் மாறியது. “நான் ஒரு கூமுட்டை! மைக்கா வெச்சிருக்கேன்? வயர்ல வர்றதுதானே இதுக்குத் தெரியும். உங்க எல்லாரையும் போய்…” என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஒரே பாய்ச்சலில் எழுந்தார். “அப்போ இரைச்சலும் வயர்லதான் வருது!”

செல்போனைத் தூக்கி அடுத்த அறைக்கு எறிந்தார். டியூப்லைட்டை அணைத்தார், கொஞ்சம் குறைந்தது. கிடாரோடு லேப்டாப் திரையை விட்டுத் திரும்பி உட்கார்ந்தார், இன்னும் கொஞ்சம் குறைந்தது. கடைசியில் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினார். ‘ங்ங்ங்’ பட்டென்று நின்றது. அப்படியோர் அமைதியை அந்த ஹெட்போனில் நான் கேட்டதே இல்லை.

ஆனால் என் லேப்டாப்பின் பேட்டரி முழுதாக ஏறியிருந்தாலே ஏழு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. சோதித்துப் பார்த்ததில் இரண்டு போய்விட்டது. வாசிக்க வேண்டியது நாலு நிமிஷம். ஒரே ஒரு வாய்ப்பு.

அண்ணி வாசித்தார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பேட்டரி எண்ணையே பார்த்திருந்தேன். முப்பது, பதினெட்டு, ஒன்பது. மூன்றாவது நிமிஷத்தில் அவர் விரல் ஒரு கம்பியில் வழுக்கியது. நிறுத்தவில்லை. கடைசி ஸ்வரம் அடங்கியதும் சேமித்துவிட்டுச் சார்ஜரைச் சொருகினேன். இரண்டு சதவீதம் இருந்தது. மணி மூன்று நாற்பத்தாறு.

கேட்டோம். கண்ணாடி மாதிரி இருந்தது. அதனாலேயே அந்த வழுக்கலும் பளிச்சென்று தெரிந்தது.

“அந்த ஒரு இடத்துக்கு மட்டும் நேத்து வாசிச்சதை எடுத்து ஒட்டிடலாம் அண்ணி. அது சரியா இருக்கு.”

ஒட்டிப் பார்த்தேன். சரியாக இரண்டு விநாடி ‘ங்ங்ங்’ வந்துவிட்டுப் போனது. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“எடுத்துடு. நான் வழுக்கினது வழுக்கினதாவே போகட்டும்.”

“வேண்டாம்னு சொல்லிட்டா?”

“அப்போ என் வாசிப்பு வேண்டாம்னுதானே அர்த்தம். கரண்டு மேல பழி போட முடியாது. அனுப்பு தம்பி.”

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டுவிட்டு வலியப் போய்த் தலையைக் கொடுப்பானேன்? இருந்தாலும் அனுப்பினேன். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

நாலு ஆனது. நாலேகால் ஆனது. யாரும் சொல்லாமலே வீடு மூச்சடங்கிக் கிடந்தது. நாலு இருபதுக்கு அடுத்த அறையில் போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. அண்ணி எழுந்திருக்கவில்லை. அண்ணன்தான் போய் எடுத்துவந்து நீட்டினான். அவர் வாங்காமல் என்னைப் பார்த்தார்.

“நீ படி.”

“‘இப்போதான் முழுசா கேட்டேன். நல்லா இருக்கு. அந்த வழுக்கலை நான் எடுக்கப்போறதில்ல, ஒரு ஆள் உட்கார்ந்து வாசிக்கறது தெரியுது. பாட்டுல இதுதான் வரும்.’”

“இன்னொரு தடவை படி.”

படித்தேன்.

“இன்னொரு தடவை.”

மூன்றாவது தடவை என்னால் படிக்க முடியவில்லை. அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துக்கூட்டி, முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.